காலில் செவி, இறகில் குரல்

நுழையும்முன்

மழைக்கால இரவில் விளக்கை அணைத்துவிட்டு முற்றத்தில் நின்றால் காது நிறையும் அளவுக்கு ஒலி கேட்கும். அதனை எழுப்பும் உயிர்கள் எவை எனக் கேட்டால் ‘பூச்சி கத்துகிறது’ என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை உயிர்கள் ஒளிந்துள்ளன? அவற்றைப் பிரித்தறிய நமக்குக் கண் போதுமா, காதும் வேண்டுமா? வெப்பமண்டலக் காடுகளில் வாழும் புதர் வெட்டுக்கிளி ஒன்றின் உடலமைப்பையும் வகைப்பாட்டையும் விளக்கும் இக்கட்டுரை இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது.

பெயரில் தொடங்கும் குழப்பம்

தமிழில் பூச்சிகளைக் குறிக்கும் சொற்கள் பல. வெட்டுக்கிளி, தத்துக்கிளி, பச்சைக்குதிரை, சுவர்க்கோழி, சிள்வண்டு என்பன இன்றும் வழக்கில் உள்ளன. ஒலியெழுப்பும் பூச்சி ஒன்றினைச் சங்க இலக்கியம் ‘சிள்வீடு’ எனச் சுட்டுகிறது. அதன் குரலே அதற்குப் பெயராயிற்று. ஆயினும் ஒரு சொல் ஓர் ஊரில் ஓர் உயிரையும் மற்றோர் ஊரில் வேறோர் உயிரையும் குறிப்பதுண்டு. மரத்தண்டில் அமர்ந்து பகலில் இரையும் சிக்காடாவையும் சுவர் இடுக்கில் இருந்து இரவில் ஒலிக்கும் பூச்சியையும் ‘சிள்வண்டு’ என்ற ஒரே பெயரால் அழைப்போர் உளர். அவை இரண்டும் வெவ்வேறு வரிசையைச் சேர்ந்தவை.

பெயர்க் குழப்பம் சிலவேளை அச்சத்தையும் விளைவிக்கும். 2020ஆம் ஆண்டு பாலைவன வெட்டுக்கிளிகள் வடமேற்கு இந்தியாவில் பயிர்களை அழித்தன. அச்செய்தி பரவிய நாள்களில், கிருஷ்ணகிரிப் பகுதியில் எருக்கஞ்செடிகளில் திரண்டிருந்த வெட்டுக்கிளிகளைக் கண்டு மக்கள் கலங்கினர். அவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல, எருக்கினை உண்ணும் உள்ளூர் இனமே என்று விளக்கிய பின்னரே கலக்கம் தணிந்தது. ஓர் உயிரை இன்னதென்று அறியாதபோது தீங்கற்றதைப் பகையாகவும் பகையைத் தீங்கற்றதாகவும் கொள்ளும் பிழை நேர்கிறது. எனவே, வகைப்பாடு என்பது ஏட்டில் எழுதிவைக்கும் பட்டியல் மட்டுமன்று. வாழ்வுக்கு வேண்டிய அறிவும் ஆகும்.

மூவகை உறவினர்

வெட்டுக்கிளிகளும் சுவர்க்கோழிகளும் ‘ஆர்த்தாப்டிரா’ என்னும் வரிசையில் அடங்கும். நேரான இறக்கை உடையவை என்பது இச்சொல்லின் பொருள். இவ்வரிசை இரு துணைவரிசைகளாகப் பிரிக்கப்படுகிறது. குட்டையான உணர்கொம்புகளை உடைய வெட்டுக்கிளிகள் ஒரு பிரிவு. படையெடுத்துப் பயிரழிக்கும் பாலைவன வெட்டுக்கிளி இப்பிரிவினது. நீண்ட உணர்கொம்புகளை உடையவை மற்றொரு பிரிவு. சுவர்க்கோழிகளும் புதர் வெட்டுக்கிளிகளும் இதனுள் வரும். பெண்பூச்சியின் வயிற்று நுனியில் வாள்போல நீண்டிருக்கும் முட்டையிடும் உறுப்பினைக் கருதி, இப்பிரிவுக்கு ‘வாளேந்திகள்’ எனப் பொருள்படும் ‘என்சிஃபெரா’ என்னும் பெயர் இடப்பட்டது.

இவற்றுள் ஒன்றனைக் கையில் எடுத்தால் மூன்று அடையாளங்களைக் கொண்டு இன்னதெனத் துணியலாம்.

முதலாவது உணர்கொம்பு. குட்டைக்கொம்பு வெட்டுக்கிளிக்கு அது உடலின் நீளத்தைவிட மிகக் குறைந்தது. புதர் வெட்டுக்கிளிக்கோ மயிரிழைபோல மெலிந்து உடலைவிடவும் நீண்டிருக்கும்.

இரண்டாவது பாதம். புதர் வெட்டுக்கிளியின் பாதத்தில் நான்கு கணுக்கள் உள்ளன. சுவர்க்கோழிக்கும் குட்டைக்கொம்பு வெட்டுக்கிளிக்கும் மூன்றே கணுக்கள்.

மூன்றாவது முன்னிறக்கைகளின் அடுக்கு. புதர் வெட்டுக்கிளியிடம் இடது இறக்கை மேலாகவும் வலது இறக்கை கீழாகவும் படிந்திருக்கும். சுவர்க்கோழியிடம் பொதுவாக இவ்வடுக்கு மாறிக் காணப்படும்.

மெக்கோபோடா என்னும் புதர் வெட்டுக்கிளி

தென்னிந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா, சீனம் வரை பரவி வாழ்வது ‘மெக்கோபோடா எலாங்கேட்டா’ என்னும் புதர் வெட்டுக்கிளி. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பின்னர், 1831இல் பிரெஞ்சு அறிஞர் செர்வில் ‘மெக்கோபோடா’ என்னும் பேரினத்தை அமைத்தார். ‘நெடுங்காலி’ என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள். ‘எலாங்கேட்டா’ என்பது நீண்டது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். உருவம் கண்டு இடப்பட்ட பெயர் இது.

இதன் வகைப்பாட்டு வரிசை வருமாறு:

உலகம்: விலங்குலகம்
தொகுதி: கணுக்காலிகள்
வகுப்பு: பூச்சிகள்
வரிசை: ஆர்த்தாப்டிரா
துணைவரிசை: என்சிஃபெரா
குடும்பம்: டெட்டிகோனிடே
துணைக்குடும்பம்: மெக்கோபோடினே
பேரினம்: மெக்கோபோடா
சிற்றினம்: மெக்கோபோடா எலாங்கேட்டா

தலையும் மார்பும் வயிறும்

எல்லாப் பூச்சிகளையும்போல இதன் உடலும் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளை உடையது. தலை கீழ்நோக்கி அமைந்துள்ளது. இரு புறமும் கூட்டுக்கண்கள் புடைத்து நிற்கின்றன. கண்களுக்கு இடையிலிருந்து இரண்டு உணர்கொம்புகள் எழுகின்றன. இருளில் இலையையும் கிளையையும் தடவி அறிவதும் மணம் உணர்வதும் இவற்றின் பணி. இலையைக் கத்தரித்து மெல்லுவதற்கேற்ற வலிய தாடைகள் வாயில் உள்ளன.

மார்பு மூன்று கண்டங்களால் ஆனது. முதற்கண்டத்தின் மேல் குதிரைச் சேணம் கவிழ்த்தாற்போன்ற தகடு மூடியிருக்கிறது. ஒவ்வொரு கண்டத்திலும் ஓர் இணைக் கால்கள் உள்ளன. முன்கால்களும் நடுக்கால்களும் பற்றி நடப்பதற்கு உரியன. பின்கால்கள் மிக நீண்டவை; தொடை தடித்தும் கீழ்க்கால் மெலிந்தும் இருக்கும். தசை சுருங்கி விரியும் வேகத்தில் உடல் வில்லிலிருந்து அம்பு விடுபட்டதுபோல் எழும். பகைவன் பின்காலைப் பற்றிக்கொண்டால் அக்காலையே கழற்றி விட்டுவிட்டு உயிர் தப்பும் இயல்பும் இதற்கு உண்டு. வளர்ச்சி முற்றிய பூச்சிக்கு இழந்த கால் மீண்டும் முளைப்பதில்லை. இருப்பினும் உயிர் எஞ்சுகிறது.

இரண்டாம், மூன்றாம் கண்டங்களில் இறக்கைகள் உள்ளன. முன்னிறக்கைகள் தோல்போலத் தடித்து இலையின் நரம்பமைப்பை ஒத்திருக்கின்றன. சில பச்சையாகவும் சில காய்ந்த சருகின் பழுப்பாகவும் இருக்கும். ஒரே இனத்தில் இரு நிறமும் காணப்படுவதால் நிறத்தைக் கொண்டு இனம் பிரிப்பது பிழையாகும். அவற்றின் அடியில் மெல்லிய பின்னிறக்கைகள் விசிறிபோல மடிந்துள்ளன.

வயிற்றின் இருமருங்கிலும் மூச்சுத்துளைகள் வரிசையாக உள்ளன. பெண்பூச்சி, வாள்போன்ற உறுப்பினை ஈரமண்ணில் செலுத்தி முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி தாயின் சிறு வடிவமாகவே இருக்கும். இறக்கை மட்டும் இராது. பட்டாம்பூச்சிக்கு உள்ளதுபோன்ற கூட்டுப்புழுப் பருவம் இதற்கு இல்லை. பலமுறை தோலுரித்து வளர்ந்து, இறுதித் தோலுரிப்பின் பின்னரே முழு இறக்கையும் ஆண்பூச்சியாயின் குரலும் பெறும்.

இறகில் குரல்

இப்பூச்சி வாயால் ஒலிப்பதில்லை. இடது முன்னிறக்கையின் அடிப்பகுதியில், கீழ்ப்புறமாக, அரம்போன்று நுண்பற்கள் நிறைந்த நரம்பு ஒன்று உள்ளது. வலது இறக்கையின் விளிம்பில் தடித்த சுரண்டி ஒன்று அமைந்துள்ளது. இறக்கைகளைத் திறந்து மூடும்போது அரத்தின் பற்கள்மீது சுரண்டி உராய்கிறது. சீப்பின் பற்களை நகத்தால் வருடும்போது ஒலி எழுவதை இதற்கு ஒப்பிடலாம். உராய்வில் தோன்றிய அதிர்வை வலது இறக்கையில் உள்ள ‘கண்ணாடி’ எனப்படும் மெல்லிய சவ்வுப் பகுதி பெருக்கி வெளியிடுகிறது. அரமும் சுரண்டியும் கண்ணாடியும் கூடி ஓர் இசைக்கருவியாகின்றன.

ஒலிப்பது ஆண், கேட்டு வருவது பெண். இருளில் ஒன்றையொன்று காண இயலாத இவ்வுயிர்களுக்குக் குரலே முகவரி. அக்குரலின் ஒரு பகுதி மட்டுமே நமக்குக் கேட்கிறது. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை உணரும். மெக்கோபோடாவின் ஒலி அந்த எல்லையையும் கடந்து மீயொலியாகவும் பரவுகிறது. நாம் கேட்கும் இரவு, பூச்சிகள் கேட்கும் இரவின் ஒரு பாதியே.

காலில் செவி

குரல் இறகில் இருப்பது வியப்பெனில் செவி காலில் இருப்பது பெருவியப்பு. முன்கால் ஒவ்வொன்றிலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கீழ்க்காலின் இருபுறமும் இரண்டு மெல்லிய செவிப்பறைகள் உள்ளன. ஒலி இவற்றை இருவழியில் அடைகிறது. ஒன்று, வெளியிலிருந்து நேராகப் பறையின்மேல் மோதுவது. மற்றொன்று, மார்பின் பக்கவாட்டில் உள்ள துளை வழியாக நுழைந்து, கொம்பு வாத்தியம்போல வாய் அகன்று உள்ளே குறுகும் மூச்சுக்குழல் வழியே காலுக்குள் இறங்குவது. இக்குழல் ஒலியை வலுப்படுத்தும். இவ்வாறு மூச்சுக்குழலின் கிளை ஒன்று கேட்கும் குழலாகவும் பயன்படுகிறது.

செவிப்பறைக்கு அப்பால் உணர்செல்கள் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. முழங்காலை ஒட்டிய செல்கள் தாழ்ந்த ஒலியையும் பாதத்தை நோக்கிய செல்கள் உயர்ந்த ஒலியையும் உணர்கின்றன. பியானோவின் கட்டைகள் ஒருபுறம் தாழ்ந்தும் மறுபுறம் உயர்ந்தும் ஒலிப்பது போன்றது இவ்வமைப்பு. மனிதனின் உட்செவியில் நத்தைக்கூடு வடிவிலான உறுப்பிலும் இத்தகைய அடுக்கு உள்ளது. அங்கு ஒலி ஓர் அலையாக நகர்ந்து செல்வதைக் கண்டறிந்தமைக்காகப் பெக்கேசி என்னும் அறிஞருக்கு 1961இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மெக்கோபோடாவின் காலிலும் அவ்வாறு அலை நகர்வதை 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதே ஆண்டில், கொலம்பியாவின் கோர்கோனா தீவில் வாழும் ‘கோபிஃபோரா கோர்கோனென்சிஸ்’ என்னும் புதர் வெட்டுக்கிளியின் செவியில் பறை, நெம்புகோல்போல் இயங்கும் தகடு, திரவம் நிறைந்த அறை ஆகிய மூன்றும் இருப்பது வெளிப்பட்டது. மனிதச் செவியின் பறை, சிற்றெலும்புகள், நத்தைக்கூடு ஆகியவை செய்யும் பணியை இவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடத்தில் செய்து முடிக்கின்றன. உறவால் வெகுதொலைவில் உள்ள இரண்டு உயிர்கள், ஒரே தேவையின் பொருட்டு ஒரே தீர்வைத் தனித்தனியே எட்டியுள்ளன.

தெரிந்து தெளிவோம்

பெண்பூச்சி உண்மையில் குரலைக் கேட்டுத்தான் வருகிறதா? 1913ஆம் ஆண்டில் சுலோவேனிய அறிஞர் ரேகன் ஓர் எளிய சோதனை செய்தார். ஓர் அறையில் ஒலித்த ஆண் சுவர்க்கோழியின் குரலைத் தொலைபேசி வழியே மற்றோர் அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண்பூச்சி தொலைபேசியின் ஒலிவாயை நாடிச் சென்றது. உருவமும் மணமும் இல்லை. குரல் ஒன்றே அதனை ஈர்த்தது.

ஒரே உருவம், ஐந்து குரல்

இதுவரை கண்டவை உருவத்தால் அறியப்பட்டவை. இனிக் குரலால் அறியப்பட்டதைக் காண்போம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த விவேக் நித்யானந்தா, ரோகிணி பாலகிருஷ்ணன் ஆகியோர் தென்னிந்தியாவில் வாழும் மெக்கோபோடா பூச்சிகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். உடலை அளந்து ஒப்பிட்டபோது பூச்சிகளைப் பிரித்தறிய முடியவில்லை. குரலைப் பதிவுசெய்து ஒப்பிட்டபோதோ ஐந்து வகைப் பாடல்கள் தெளிவாகப் பிரிந்து நின்றன. சில இடைவிடாது நீண்டு ஒலித்தன. ஒன்று புகைவண்டியையும் மற்றொன்று ஹெலிகாப்டரையும் நினைவூட்டியதால் அப்பெயர்களையே பெற்றன. சில விட்டுவிட்டு ஒலித்தன; அவற்றுள் ஒன்று ஒற்றை ஒலியாகவும் மற்றொன்று இரட்டை ஒலியாகவும் அமைந்தது.

இக்கண்டுபிடிப்பு எழுப்பும் வினா ஆழமானது. பெண்பூச்சி குரலைக் கேட்டே துணையைத் தேர்கிறது. எனில், வேறு குரலுடையவை தமக்குள் கலவாது தனித்தனியே தலைமுறை வளர்க்கக்கூடும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவது உண்மையில் பல இனங்களாகவோ, பல இனங்களாகப் பிரிந்துகொண்டிருக்கும் ஒன்றாகவோ இருக்கலாம். உருவத்தால் மறைந்து நிற்கும் இத்தகையவற்றை ‘மறைவினங்கள்’ என்பர். அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்தி வைக்கப்பட்ட பூச்சி தன் நீளத்தையும் நிறத்தையும் சொல்லும். தன் பாடலைச் சொல்லாது. உயிரோடு இருக்கும் காட்டுக்குச் சென்று, இருளில் நின்று, செவிகொடுத்தால் மட்டுமே அறியக்கூடிய உண்மை இது.

பாடுவதும் பதுங்குவதும்

குரல் துணையை அழைப்பதுபோலப் பகையையும் அழைக்காதா? மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஒருவகை வௌவாலுக்குப் புதர் வெட்டுக்கிளிகள் விருப்பமான இரை. பாடும் ஆண்பூச்சிகளே மிகுதியாக இரையாகும் என எண்ணுவது இயல்பு. ஆனால், 2015இல் வெளிவந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஒலியெழுப்பாத பெண்பூச்சிகளே வௌவாலுக்கு மிகுதியாக இரையாயின. ஆண் ஓரிடத்தில் அமர்ந்து பாடுகிறது. அக்குரலைத் தேடிப் பறந்து அலைவது பெண். பறத்தலே வௌவாலின் கவனத்தை ஈர்க்கிறது. துணை தேடும் செயலில் இருபாலும் உயிரைப் பணயம் வைக்கின்றன. மௌனம் எப்போதும் காவலாவதில்லை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

எத்திசையும் புகழ் மணக்க

சீன மக்கள் மெக்கோபோடாவைச் சிறு கூண்டில் வளர்த்து அதன் இசையைக் கேட்டு மகிழ்வர். தறியின் ஒலியை ஒத்திருப்பதால் அதனை ‘நெசவுப்பெண்’ எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். ஜப்பானியர் தம் நாட்டு மெக்கோபோடா இனத்துக்குக் குதிரையின் கடிவாள இரும்பு குலுங்கும் ஒலியைக் கருதிப் பெயரிட்டுள்ளனர்.

தொல்காப்பியர் காட்டும் வகைப்பாடு

உயிர்களைப் பகுக்கும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், உயிர்களை அவற்றின் அறிவின் அளவால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுக்கிறது. உறுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல், மனத்தால் உணர்தல் என அவ்வறிவு படிப்படியே உயர்கிறது. நண்டும் தும்பியும் நான்கறிவுடையன. அவற்றுக்குக் கேட்கும் புலன் இல்லை என்பது அப்பகுப்பின் முடிவு.

இன்று, பூச்சிகளுள் பல கேட்கின்றன என்பதை அறிவோம். புதர் வெட்டுக்கிளி போன்றவற்றின் செவி முகத்தில் இல்லாது காலில் இருந்ததால் நெடுங்காலம் நம் கண்ணில் படவில்லை. இதனால் தொல்காப்பியர் பகுப்பு மதிப்பிழக்குமா? இழக்காது. உயிர்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்று மட்டும் நோக்காமல், அவை எவற்றை உணர்கின்றன என்று நோக்கியதே அப்பகுப்பின் சிறப்பு. அத்துடன், ஒவ்வோர் அறிவுக்கும் சில உயிர்களைச் சுட்டியபின், அக்கிளையில் வேறு உயிர்களும் உள எனச் சேர்க்க இடம்விட்டுச் செல்கிறது அந்நூல். முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுவதும், ஒன்றும் அறியார் என ஒதுக்குவதும் ஆய்வு ஆகா. அவர்கள் எழுப்பிய வினாவை நம் காலத்துக் கருவிகளோடு தொடர்வதே அவர்களுக்கு நாம் செய்யும் சிறப்பு.

கேளாமல் இழப்பது

கண்ணால் மட்டும் கணக்கெடுத்தால் தென்னிந்தியக் காடுகளில் ஒரு மெக்கோபோடா. காதாலும் கணக்கெடுத்தால் ஐந்து குரல்கள். ஒரு குரல் ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் வாழ்வதாகக் கொள்வோம். அப்பள்ளத்தாக்கின் புதர்கள் அழிந்தால் அக்குரலும் அழியும். ஆனால், ஏட்டில் அவ்வினம் ‘பரவலாக வாழ்கிறது’ என்றே எழுதப்பட்டிருக்கும். இழந்தோம் என்பதையும் அறியாது இழப்பது இதுவே. பெயரிடாத உயிருக்காக எவரும் வழக்காடுவதில்லை.

இனி, இரவில் புதரிலிருந்து ஒலி கேட்கும்போது ‘பூச்சி கத்துகிறது’ என்று கடந்து செல்லாதிருப்போம். சற்று நின்று, எத்தனை குரல்கள் எனக் கேட்போம். அவற்றை எண்ணத் தொடங்கும் நொடியில் வகைப்பாடு தொடங்குகிறது. காக்கும் எண்ணமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

சொல்லும் பொருளும்

உணர்கொம்பு – பூச்சியின் தலையிலுள்ள தொட்டும் முகர்ந்தும் உணரும் உறுப்பு
மீயொலி – மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி
சேணம் – குதிரையின் முதுகில் இடும் இருக்கை
மறைவினம் – உருவத்தால் பிரித்தறிய இயலாத தனி இனம்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் வெட்டுக்கிளி, சுவர்க்கோழி ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர்களை மூத்தோரிடம் கேட்டுத் தொகுக்க. ஒரே பெயர் வெவ்வேறு பூச்சிகளைக் குறிக்கிறதா என ஆராய்க.
2. மூன்று இரவுகளில் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் உங்கள் இல்லத்தின் அருகே கேட்கும் பூச்சியொலிகளைக் கேட்டு, அவை தொடர்ந்து ஒலிப்பவையா, விட்டுவிட்டு ஒலிப்பவையா எனக் குறிப்பெடுத்து அட்டவணைப்படுத்துக.
3. ‘உருவத்தால் பகுத்தல், உணர்வால் பகுத்தல், குரலால் பகுத்தல்’ – இம்மூன்றன் நிறைகுறைகளைக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
4. ‘பெயரிடாத உயிருக்காக எவரும் வழக்காடுவதில்லை’ என்னும் தொடரை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.